மாரிமுத்து அடித்த நாற்பது வினாடி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் எனக்கு எழுதி அனுப்பியது ஒரே கேள்விதான்: புத்தகம் எழுதுகிறவர்களையும் படம் எடுக்கிறவர்களையும் பேச வைப்பது எப்படி? இருபத்தெட்டு வருடம் வானொலியில் அந்த வேலையைத்தானே பார்த்தார், ஏதாவது வித்தை வைத்திருப்பார் என்று நினைத்திருக்கிறீர்கள். வித்தை ஒன்றும் இல்லை. புதுப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறவரிடம் "சொல்லுங்க" என்றால் போதும், மதியச் சோறு ஆறிப்போகும். அவரை நிறுத்துவதுதான் பெரும்பாடு. நான் சொல்லப்போவது வேறு சங்கதி.

அதற்கு முன்னால் ஒரு சின்ன அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து இரண்டாம் வருடம். பண்டாரவளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாவல் எழுதியிருந்தார். பஸ்ஸில் படித்துக்கொண்டே போனேன், பாதியில் தூங்கிவிட்டேன். ஒலிவாங்கியை நீட்டி, "உங்கள் நாவலின் முடிவு என்னை உலுக்கிவிட்டது" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த முடிவு தம்பி? அச்சகத்துல கடைசிப் பதினாறு பக்கத்தச் சேர்க்காம கட்டிட்டாங்க. உங்களுக்கு அனுப்பினதுல முடிவே இல்ல. அதக் குடுக்கத்தான் காலையிலருந்து காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். அந்தப் பதினாறு பக்கத்தை அவர் முன்னாலேயே உட்கார்ந்து படித்தேன். தேத்தண்ணீர் கொண்டுவந்த அவருடைய மனைவி என்னைப் பார்த்துச் சிரித்ததை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

இந்த மாதிரிப் பிழைகளுக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். உங்கள் முகம் மட்டும்தான் சிவக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும். நான் பயப்படச் சொல்வது, பிழை நம்முடையதாகவும் அடி இன்னொருவருக்கு விழுவதாகவும் இருக்கிற காரியத்துக்கு. அப்படி ஒன்றை நான் செய்திருக்கிறேன். இதுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

நான் பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன். தீபாவளிக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடும்பத்தோடு கடைக்கு வருவார்கள். வாப்பா துணியை விரித்துப் போட, நான் மடித்து வைப்பேன். எந்தத் தோட்டத்தில் எந்தச் சாமிக்கு எப்போது திருவிழா என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் தோட்டத்தை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கடை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது.

ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது தர்ஷினி என்ற பெண் எடுத்த ஆவணப்படம் பற்றிக் கேள்விப்பட்டேன். ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். கொழும்பில் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டு, இரவல் கமராவில் தன் அப்பாவைப் பற்றி நாற்பது நிமிடப் படம் ஒன்றை முடித்திருந்தாள். அவள் அப்பா மாரிமுத்து அந்தத் தோட்டத்தில் சாவுக்குத் தப்பு அடிப்பவர். வட்டமான தோல் மேளம், இரண்டு குச்சி. தோட்டத்தில் யார் இறந்தாலும் முதலில் அவருடைய தப்புதான் மலை முழுக்கச் சொல்லும். மனைவி இறந்த அன்று, வேறு ஆள் வந்து சேராததால், அவளுக்கும் அவரே அடித்தார். அதன் பிறகு தப்பைச் சாக்கில் சுற்றிச் சுவரில் மாட்டியவர் ஆறு வருடமாகத் தொடவில்லை. சாவு விழுந்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். படம் இதைப் பற்றித்தான். ஆனால் நாற்பது நிமிடத்தில் ஓர் இடத்தில்கூடத் தப்புச் சத்தம் கிடையாது.

தர்ஷினி எனக்குப் படத்தை அனுப்பினாள், நான் தூங்காமல் முழுதும் பார்த்தேன். நல்ல படம். சாக்குக்குள் இருக்கும் அந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்க, அந்தச் சத்தத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்று நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்கும் அடித்தது. என்னுடையது வெறும் ஆசையாக இல்லை, தொழிலாக இருந்தது. அதுதான் வினை.

என் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். பேச்சு மட்டும் இருந்தால் அது வானொலி நிகழ்ச்சியே இல்லை என்பது என் கட்சி. தையற்காரர் கவிதைத் தொகுதி போட்டால் அவருடைய மெஷின் ஓடும் சத்தத்தைப் பதிந்து வருவேன். மொனராகலைக் கரும்புத் தோட்டம் பற்றி நாவல் வந்தால் கரும்பு வெட்டும் சத்தம். கேட்பவர்கள் கடிதம் போட்டுப் பாராட்டுவார்கள். நிலையத்தில் என் பெயரே அப்படித்தான் நின்றது. அப்படிப்பட்டவன் தப்படிக்கிறவரின் வீட்டிலிருந்து தப்பில்லாமல் திரும்புவதா என்று போகும் வழியெல்லாம் ஓட்டோவுக்குள் யோசித்துக்கொண்டே போனேன்.

காலை பத்து மணிக்கெல்லாம் லயத்தில் இருந்தேன். தர்ஷினியோடு ஒரு மணி நேரம் பேசினேன். நல்ல பேச்சு. நடுவில் நான் கேட்டேன்.

"மேளக்காரரப் பத்தின படம். மேளச் சத்தமே இல்லையேம்மா?"

"இல்லைங்க சேர். படத்த மொதல்ல நம்ம தோட்டத்துலதான் போடப் போறோம். வர்ற ஞாயித்துக்கெழம, வாசிகசாலைக்கு முன்னுக்கு, பெரிய ஸ்பீக்கர் கட்டி. அதுல அந்தச் சத்தம் வந்தா லயத்துல படுத்திருக்கிறவங்க என்ன நெனப்பாங்க? சாமிக்கு அடிக்கிற அடி வேற. இது சாவு அடி. அப்பா இத அடிச்சா யாரோ செத்திருக்கணும். சும்மா அடிக்கக் கூடாதுங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்வது? அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் கருவியில் சுத்தமாகப் பதிந்தது. நான் ஒலி அளவு காட்டும் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, "நல்ல பதில், இதை ஆரம்பத்தில் போடலாம்" என்று யோசித்தேன். பதிவாகிவிட்டது என்ற நிம்மதியில் கேட்காமல் விடுவது நம் தொழிலுக்கே உரிய செவிட்டுத்தனம். உங்களுக்கும் வரும்.

கொழும்பிலிருந்து அவளுக்கு ஒரு அழைப்பு வரவேண்டியிருந்தது. லயத்தில் சிக்னல் கிடைக்காது, மேலே கோயிலடிக்குப் போகவேண்டும். "கால் மணித்தியாலத்துல வந்துடுறேன் சேர், அப்பாகிட்ட பேசிக்கிட்டு இருங்க" என்று போனாள்.

மாரிமுத்து கூச்சக்காரர். எழுபது வயது இருக்கும். நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன்: "ஐயா, ஒரு அரை நிமிஷம் அடிச்சுக் காட்டுவீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். "சாமி அடி வேணும்னா அடிக்கிறேங்க. மாரியம்மன் அடி. நல்லா இருக்கும்."

சாமி அடி எனக்கு எந்தத் திருவிழாவிலும் கிடைக்கும். "அது இல்லைங்க. படத்துல சொல்ற அடி. ரேடியோவுல அது வந்தா நாலு இடத்துல படத்தப் பத்திப் பேசுவாங்க. மகளுக்கு நல்லது."

மகளுக்கு நல்லது என்றேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகக் கேட்டு வேலை வாங்கியிருக்கிறேன். எந்த ஆளிடம் எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் திறமையை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன்.

அவர் சாக்கை அவிழ்த்தார். தப்பை அப்படியே எடுத்து அடிக்க முடியாது, தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்ற வேண்டும். காய்ந்த தேயிலைக் குச்சியைக் குவித்துப் பற்றவைத்து, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். விரலால் சுண்டிப் பார்த்தார். மறுபடியும் காட்டினார். பத்து நிமிடம் எடுத்தது. பத்து நிமிடம் என்பது ஒருவன் தன் மனதை மாற்றிக்கொள்ளப் போதுமான நேரம். நான் அந்த நேரத்தில் பற்றரியைச் சரிபார்த்தேன்.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே மெதுவாக அடித்தார். லயத்துக் காம்பரா சின்ன அறை, சத்தம் சுவரில் மோதி இரைந்தது, பதிவு நன்றாக இல்லை. "கொஞ்சம் வெளிய வந்து, இஸ்தோப்பில நின்னு அடிச்சா நல்லா இருக்கும் ஐயா" என்றேன். முகப்பில் ஓர் ஆள் நிற்கிற அளவு தாழ்வாரம், அதைத்தான் இஸ்தோப்பு என்பார்கள். எதிரே பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் மலை, மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த மலையை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அடித்தார்.

நாற்பது வினாடி. ஆறு வருடம் தொடாத கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எதிர்மலையில் பட்டு ஒவ்வொரு அடியும் திரும்பி வந்தது. ஹெட்போனுக்குள் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாழ்க்கையிலேயே இப்படி ஒரு பதிவு செய்ததில்லை என்று நினைத்தேன், அது உண்மைதான்.

அவர் குச்சியைத் தாழ்த்தியதும் ஒரு நிசப்தம். பிறகு மலையிலிருந்து ஒரு பெண் குரல்: "யாருக்கூ?"

பிறகு பல குரல்கள். அந்த லயங்களில் யார் வீட்டில்தான் படுத்திருக்கிறவர்கள் இல்லை? காய்ச்சலில் பிள்ளை, படுக்கையில் மாமியார், மாதம் நிறைந்த மகள். வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுப் காலையில் பெரட்டுக்குப் பெயர் கொடுத்து வேலைக்குப் போனவள் ஒவ்வொருத்தியும் அது தனக்குத்தான் என்று நினைத்தாள். கூடைகளைப் போட்டுவிட்டு மலையே இறங்கி வருவது போல வந்தார்கள். கங்காணி கத்துவது கேட்டது, யாரும் நிற்கவில்லை.

பார்வதி என்ற பெண்ணின் புருஷன் நெஞ்சு நோயில் அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் ஏழு மாதமாகப் படுத்திருந்தார். அவள் பாதையைச் சுற்றி வரவில்லை. தேயிலைக்குள்ளாலேயே நேராக இறங்கி, கல் கட்டிய தண்ணீர்க் கானை, அந்த வடிகாலைத் தாண்டப் பார்த்திருக்கிறாள். கானுக்குள் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் வந்தவளுக்குக் கேட்டதாம். கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வரும்போதும் அவள் தன் காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அவரு இருக்காரா? அவரு இருக்காரா?" என்பதையே கேட்டுக்கொண்டிருந்தாள். இருந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இருமிக்கொண்டு, நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்து லொறியில் அவளை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு எல்லோரும் மாரிமுத்துவின் வாசலுக்கு வந்தார்கள். முன்னால் தோட்டத் தலைவர்.

"யாருக்கு அடிச்ச?"

"யாருக்கும் இல்ல" என்றார் மாரிமுத்து. "தோலு எப்படி இருக்குன்னு பாத்தேன்."

என் கழுத்தில் கருவி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்று மூன்று சொல் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. அடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். பஜாரிலிருந்து வந்த முஸ்லிம் ஆள் நான், இது வேறு மாதிரிக் கலவரமாகிவிடும், பேசாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். கோழைக்கு நியாயம் உடனே கிடைத்துவிடும்.

"ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஆளு சாகாம சாவு அடி அடிக்கிறியா?" யாரோ கத்தினார்கள். யாரோ மண்ணள்ளி வீசினார்கள். அவர் தப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

தர்ஷினி மேலேயிருந்து ஓடி வந்தாள். தப்பைப் பார்த்தாள், அணைந்த நெருப்பைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் அப்பா, "நீ பேசாத. வீட்டுக்கு வந்த ஆளு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டே ஓட்டோ ஏறினேன்.

நிலையத்துக்கு வந்து பதிவைப் போட்டுக் கேட்டேன். நாற்பது வினாடித் தப்பு, நிசப்தம், "யாருக்கூ?" என்ற குரல், பிறகு மலை முழுவதும் எழுந்த கூச்சல். அப்போதிருந்த பொறுப்பாளருக்கு அதைக் காட்டியிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். நான் காட்டவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அந்தப் பகுதியை மட்டும் அழித்தேன். பிரதிகூட வைக்கவில்லை. அன்று மனது கொஞ்சம் லேசானது. இவ்வளவு பெரிய பதிவை அழித்தேனே, நான் அவ்வளவு மோசமானவன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பேட்டி ஒலிபரப்பானது. அருமை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை படம் போட விடவில்லை. சகுனம் கெட்ட படம், தோட்டத்துக்குள் வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். கொழும்பில் காட்டினார்கள், கைதட்டினார்கள். யாருக்காக எடுத்தாளோ அவர்கள் இன்று வரை பார்க்கவில்லை. பார்வதியின் முறிந்த கால் குட்டையாகிவிட்டது. மலை ஏற முடியாது. உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவளுடைய மூத்த மகள் படிப்பை விட்டுவிட்டு அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டாள். மாரிமுத்துவோடு தோட்டத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். விசாரித்துக்கொண்டுதான் இருந்தேன். விசாரித்ததோடு சரி.

நான் ஓய்வுபெற்ற வருடம் ஒரு காலை தர்ஷினியிடமிருந்து போன் வந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதே இல்லை.

"சேர், அப்பா தவறிட்டாரு."

நான் ஏதோ சொன்னேன். நான் முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"அடிக்க ஆள் வரல சேர். பக்கத்துத் தோட்டத்துல ரெண்டு பேரு இருக்காங்க. சும்மா அடிச்ச கைக்கு நாங்க அடிக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஒங்ககிட்ட அப்பா அடிச்சது இருக்குமில்ல? அத போனுக்கு அனுப்புங்க. ஸ்பீக்கர்ல போடுறேன். இப்ப போடலாம் சேர். இப்ப ஆள் செத்திருக்கு."

அழித்துவிட்டேன் என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"ஓம்."

"அப்ப சரிங்க சேர்" என்று வைத்துவிட்டாள்.

பிள்ளைகளே, இதைத்தான் சொல்ல வந்தேன். அந்தச் சத்தம் என்னுடையது இல்லை. எடுக்கும்போதும் அவளைக் கேட்கவில்லை, அழிக்கும்போதும் கேட்கவில்லை. எடுத்தது பேராசையில் என்றும் அழித்தது மனச்சாட்சியில் என்றும் நான் பிரித்து வைத்திருந்தேன். இரண்டிலும் நான் நினைத்தது என்னைப் பற்றி மட்டும்தான். ஒருவருடைய புத்தகத்தைப் பற்றியோ படத்தைப் பற்றியோ கேட்கப் போகும்போது, அவர் எதை அதில் வைக்காமல் விட்டிருக்கிறார் என்று பாருங்கள். ஏன் என்று கேளுங்கள். பதில் சொன்னால் கருவியை விட்டுவிட்டுக் காதால் கேளுங்கள். அங்கே கை வைக்காதீர்கள்.

போன் வந்த அன்றைக்கே தோட்டத்துக்குப் போனேன். சாவு வீட்டு வாசலில் பார்வதி கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளிடம் போய், அன்றைக்கு அடிக்கச் சொன்னது நான்தான் என்றேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "அத அன்னைக்குச் சொல்லியிருக்கணுங்க. அந்த மேளக்கார மனுசன் உசிரோட இருக்கயில" என்றாள். "இன்னைக்கு யாருக்குச் சொல்றீங்க?" கம்பை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய்விட்டாள்.

பாடையை எடுக்கும் நேரம் வந்தது. நான்கு பேர் குனிந்து பிடித்தார்கள். எனக்கு அதுவரை தெரியாத ஒன்று இருந்தது. தப்பின் அடி மாறும்போதுதான் தூக்குவார்கள். அந்த மாற்றம்தான் அவர்களுக்குச் சொல்வது. அன்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. குனிந்தபடியே நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கு இங்கே ஒரு சாவு என்பதே கேட்டிருக்காது.

"தூக்குங்க" என்றாள் தர்ஷினி. யாரும் அசையவில்லை. அவள் இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.